இடது பக்கத்து மின்மினி

நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டியே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மின்மினிப் பூச்சியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் திருச்சியில் ஒவ்வொரு கல்லூரியிலும் இருப்பார்கள். அவர்களில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். எழுதும்போது எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். எங்காவது தவறாகச் சொல்லியிருந்தால் அது எனக்குத் தெரிந்த அளவு அவ்வளவுதான் என்று விட்டுவிடுங்கள்.

முதலில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் அவர் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் இருந்தார். பொழுது சாய்ந்து வீட்டுக்குத் திரும்பும்போது என் தோளில் கை வைத்துக்கொண்டே நடப்பார். பகலில் ஒரு நாளும் என்னைத் தொட்டதில்லை. நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை விட்ட ஒரு மாலை. வாய்க்கால் ஓரத்துப் புங்க மரம் முழுக்க மின்மினி மொய்த்துக் கிடந்தது. அப்பா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, "இந்த வருஷம் பூச்சியே காணோமேடா" என்றார். வேடிக்கை செய்கிறார் என்று நான் சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார்.

அடுத்த மாதமே மதகிலிருந்து கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில்தான் மாலைக்கண் என்று சொன்னார்கள். சாதாரண மாலைக்கண் என்றால் மாத்திரையில் சரியாகிவிடுமாம். இது வேறு வகை. வெளிச்சம் குறைந்தால் தெரியாது, பிறகு பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார் டாக்டர். எத்தனை வருடமாக மறைத்து வைத்திருந்தாரோ தெரியாது. என் தோளில் அந்தக் கை ஏன் வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் மின்மினி இருக்கும் இடமாகப் பார்த்துப் போய் நிற்பேன். தெரிந்தால் இன்னும் ஒரு வருடம் பயமில்லை என்று வைத்துக்கொள்வேன். மற்றவர்கள் கண் டாக்டரிடம் போவார்கள். எனக்கு டாக்டர் என்ன சொல்வாரோ என்று பயம். பூச்சி எதுவும் சொல்லாது.

பள்ளியிலும் டிரைவர்களுக்கு வருடம் ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. பட்டப்பகலில், டியூப்லைட் போட்ட அறையில், நேர் எதிரே எழுத்துப் பலகை. கடைசி வரிவரை ஒன்று விடாமல் படித்துவிடுவேன். "உங்களுக்குக் கண்ணாடியே வேணாங்க" என்பார்கள். அப்பாவின் விஷயத்தை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மாலையில் எனக்கு இரண்டு டிரிப். நாலு மணிக்குச் சின்னப் பிள்ளைகள். அதன் பிறகு, ஸ்பெஷல் கிளாஸ் முடித்து வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர். குடமுருட்டிப் பாலம் தாண்டி, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர் என்று ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டே போய் ஜீயபுரத்தில் முடியும். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கரூர் ரயில் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் கடைசிப் பிள்ளை இறங்கும்போது இருட்டிவிடும்.

வேனில் கூட வருகிற ஆயாம்மா பாலக்கரைக்காரர். என்னைவிட எட்டு, பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தலையில் முக்காடு, கை நிறையக் கண்ணாடி வளையல், மடியில் எப்போதும் ஒரு துணிப்பை. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். "நம்ம டிரைவர் தம்பி நாள் பூரா பேசுறதைவிட அவரு ஹார்ன் அதிகமா பேசும்" என்று பிள்ளைகளிடம் சொல்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

போன வருடம் ஐப்பசி. மழை தூறி விட்டிருந்தது. முத்தரசநல்லூர் தாண்டியதும் இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் ரோட்டுக்கு ஏறியது. ஏறியது என்று இப்போது சொல்கிறேன். எனக்கு அது வந்ததே தெரியாது. வேனின் மூக்குக்கு நேரே திடீரென்று ஒரு இலைக்கட்டும் ஒரு மனிதனும் நின்றார்கள். பிரேக்கை மிதித்தேன். பிள்ளைகள் முன்சீட்டில் மோதிக்கொண்டார்கள். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. வாழை இலைக்கட்டு சரிந்து ரோட்டில் பரவியது.

"அவ்வளவு தூரத்துலேருந்து கைய ஆட்டிக்கிட்டே வரேன். கண்ணு தெரியலையாய்யா உனக்கு?" என்றார் அந்த மனிதர்.

யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். திருச்சி ரோட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் கேட்பார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கி இலைகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவசரத்தில் இரண்டு இலை கிழிந்தது.

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலை, ஏறுங்க தம்பி. அவருதான் குறுக்க வந்தாரு" என்றார் அக்கா.

அவர் குறுக்கே வரவில்லை. எனக்குத் தெரியும்.

ஜீயபுரத்தில் கடைசிப் பிள்ளையை இறக்கியதும் நேராக வாய்க்கால் திருப்பத்துக்கு வண்டியை விட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் மின்மினி பார்க்கிற இடம் அது. வாய்க்கால் கரையில் மூங்கில், அதை ஒட்டி வாழைத்தோப்பு. ஹெட்லைட்டை அணைத்தேன். கண் பழகட்டும் என்று காத்திருந்தேன். தோப்பு ஓரமாகப் புதிதாக நட்டிருந்த கம்பங்களில் வெள்ளை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கருப்பு. மூங்கில் எது, வானம் எது என்றே பிரிக்க முடியவில்லை. ஒரு பொட்டு மின்னவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். தவளைச் சத்தம் மட்டும்.

"எதுக்குத் தம்பி நிறுத்தினீங்க?"

எப்படிக் கேட்பது? பூச்சி இருக்கிறதா என்று கேட்டால், உனக்குத் தெரியவில்லையா என்று அவர் கேட்பார். அதனால் தெரிந்தவன் மாதிரியே கேட்டேன். "மின்மினி இந்த வருஷம் நிறைய இருக்குல்லக்கா?"

"ஆமா தம்பி, எவ்ளோ இருக்கு. வண்டிய எடுங்க, மக்ரிப் தொழுகை நேரம் போயிருச்சு."

அவ்வளவுதான். அப்பா அன்றைக்கு மரத்தைப் பார்த்தபடி சிரித்தாரே, அந்தச் சிரிப்பு என் முகத்தில் வந்தது. நான் வண்டியை எடுத்தேன்.

அடுத்த பத்து நாள் எப்படிப் போனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டில் வாசல்படியில் காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் படி இருக்கிறதா என்று தடவினேன். குளியலறை வாளியில் இடித்துக்கொண்டேன். எப்போதும் இடித்துக்கொள்கிறவன்தானா, இப்போதுதானா என்று யோசித்து யோசித்து எதுவும் நிச்சயமாகவில்லை. ஒரு மாலை நானும் என் மகளும் கடைக்குப் போய்த் திரும்பும்போது கரண்ட் போய்விட்டது. இருட்டில் பத்தடி நடந்திருப்போம். "என்னப்பா, கை கனக்குது" என்றாள். பார்த்தால் என் கை அவள் தோளில் இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது. எடுத்துவிட்டேன். வீடு வரும்வரை இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டபடியே நடந்தேன்.

வண்டியை இருபத்தைந்துக்கு மேல் ஓட்டவில்லை. பிள்ளைகள் மாட்டு வண்டி என்றார்கள். ஒரு பெற்றோர் போன் செய்து கோபித்துக்கொண்டார். பின்னால் பதினொரு பிள்ளைகள் கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் என்ன நிற்கிறதோ, என்ன நிற்கிறதோ என்று முனகிக்கொண்டே போவேன். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன். வேனுக்குப் பொறுப்பான சாரின் மேசைக்கு முன்னால் போய் நிற்பேன். "என்னங்க?" என்பார். "டீசல் சார்" என்பேன். சொன்னால் வேலை போய்விடும். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்க வந்தால் மனது அந்த இடத்தில் நின்றுவிடும்.

பதினோராவது நாள். மதியம் நல்ல மழை. ஜீயபுரத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வாய்க்கால் திருப்பத்தை நெருங்கும்போது அக்கா, "இன்னைக்கு நிறுத்தலையா? அன்னைக்குப் பூச்சி பார்க்க நிறுத்தினீங்களே" என்றார்.

"நீங்கதான் பார்த்தீங்களேக்கா. நிறைய இருக்குன்னு சொன்னீங்க."

"நான் எங்க தம்பி பார்த்தேன்?"

வண்டியை ஓரம் கட்டினேன். "அன்னைக்குக் கேட்டேனே. எவ்ளோ இருக்குன்னு சொன்னீங்களே."

"நீங்க கேட்டீங்க, நானும் ஆமான்னேன். வருஷத்துக்கு ஒரு தடவை வாயத் தெறந்து ஒண்ணு கேக்குறீங்க, அதுக்குப் போயி இல்லைன்னு சொல்லுவாங்களா? இல்லைன்னா இறங்கித் தேடுவீங்க. எனக்குப் பாலக்கரை பஸ்ஸு போயிரும்." பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கும் ஒண்ணும் இல்லை. இன்னைக்கும் ஒண்ணும் இல்லை."

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. பூச்சி இல்லை. என் கண்ணில் ஒன்றுமில்லை, பூச்சிதான் இல்லை. அந்த வாய்க்கால் கரையில் இருந்த அத்தனை மின்மினியும் அழிந்துபோய்விட்டது என்று கேள்விப்பட்டு ஒரு மனிதன் கடவுளுக்கு நன்றி சொன்னான் என்றால் அது நான்தான். ஹெட்லைட்டை அணைத்துவிட்டு இறங்கி நின்று மூச்சை இழுத்து விட்டேன். அக்காவும் இறங்கினார்.

மோட்டார் கொட்டகையிலிருந்து தோப்புக்காரர் ஒருவர் வந்தார். தோப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள். கையில் பிளாஸ்டிக் வாளி. உள்ளே பாதிக்கு மேல் நத்தை.

"யாரு வேணுங்க?"

"இவரு பூச்சி பார்க்க வந்திருக்காரு. மின்மினி" என்றார் அக்கா.

"அதுக்கு நீங்க போன வருஷமே வந்திருக்கணும்" என்றார் அவர். வாழைத்தார் திருட்டுப் போகிறது என்று முதலாளி விளக்குப் போட்டாராம். பத்து மாதமாக இங்கே ராத்திரியே இல்லை. "ஆம்பளைப் பூச்சி பறந்துக்கிட்டே மின்னுங்க. பொம்பளை புல்லுல உக்காந்து பதிலுக்கு மின்னும். அதைப் பார்த்துத்தான் இது இறங்கும். இந்த வெளிச்சத்துல யாரு மின்னினா யாருக்குத் தெரியும்?"

"டவர் இல்லாத ஊர்ல ஃபோன் பண்ற மாதிரி" என்றார் அக்கா.

"அப்படித்தாங்க." வாளியைக் கீழே வைத்தார். "இது பாருங்க. கன்னு பூராவும் நத்தை. முன்னெல்லாம் இவ்வளவு கெடையாது. மின்மினி புழுவா இருக்கறப்போ நத்தையத்தான் திங்கும். கறுப்பா, கட்டம் கட்டமா இருக்கும். வால்ல ஒரு பச்சை வெளிச்சம். நத்தை ஓட்டுக்குள்ள தலைய விட்டுச்சுன்னா சுத்தமா வழிச்சுட்டுத்தான் வெளிய வரும். நான் அதை விஷப்பூச்சின்னு மம்புட்டியாலயே நறுக்கிக்கிட்டு இருந்தேன். காலேஜ் புள்ளைங்க வந்து பார்த்துட்டுச் சொன்னதுக்கப்புறம்தான் தெரியும். ஈர மண்ணுக்குள்ள ஒரு வருஷத்துக்கும் மேல புழுவா கெடக்குமாம். ரெக்கை மொளைச்சப்புறம் ரெண்டு, மூணு வாரம்தான். அந்த ரெண்டு வாரத்துல சோடி சேரலைன்னா அவ்வளவுதான்."

"அப்ப இனிமே வரவே வராதாங்க?" என்று கேட்டேன். நானாகவே கேட்டேன். சற்று முன் நன்றி சொன்ன அதே வாய்தான்.

"விளக்கு போடுறதுக்கு முன்னாடி மண்ணுல இருந்தது இப்போ கொஞ்சம் எழும்பியிருக்கும். அடுத்த வருஷம் இருக்குமான்னு சொல்ல முடியாதுங்க." அவர் கம்பத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "பார்க்கணும்னா பத்து நிமிஷம் அணைக்கிறேன். முதலாளி கேமராவுல பார்த்துக் கேட்டா கரண்ட் போச்சுன்னு சொல்லிக்கிறேன்."

கொட்டகைக்குள் போய் அணைத்தார். இருட்டு வாழை இலைகளின் மேலிருந்து கீழே இறங்குகிற மாதிரி வந்தது. கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். தூரத்தில் கரூர் பாசஞ்சர் போகிற சத்தம். அப்புறம் எனக்கு நேர் எதிரே, மூங்கில் தூரில், ஒரு பொட்டு. அணைந்தது. மறுபடி.

"இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அக்கா, தெரியுது."

"ஆமா" என்றார் அக்கா. மெதுவாகச் சொன்னார். "அந்தப் பக்கமும் நாலஞ்சு. தண்ணிக்கு மேல பாருங்க."

நான் கழுத்தைத் திருப்பினேன். இருந்தது. "இந்தப் பக்கம் வேலியில" என்றார் தோப்புக்காரர். மறுபடி திருப்பினேன். அதுவும் இருந்தது. திருப்பினால் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் தலையை அசைக்காமலே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கோழி மாதிரி கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று.

"தம்பி, அசையாதீங்க" என்றார் அக்கா. "உங்க கையில உக்காந்திருக்கு."

வலது கையைப் பார்த்தேன். இல்லை.

"இடது கையிலங்க. முழங்கைக்கு மேல. நல்லா மின்னுதே."

நேராகப் பார்த்தபடி நின்றேன். என் இடது கை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டும் இருந்தது. முகத்தை முழுக்கத் திருப்பிக் குனிந்தபோதுதான் தெரிந்தது. சட்டை மடிப்பின் மேல் ஓர் அரிசி நீளத்துக்குப் பூச்சி. அதன் அடிவயிறு மஞ்சள் கலந்த பச்சையாக ஏறி ஏறித் தணிந்தது. சட்டையின் கோடுகூடத் தெரிகிற அளவுக்கு வெளிச்சம். இவ்வளவு நேரமும் அது அங்கேதான் மின்னிக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "நேரா மூங்கிலைப் பாருங்க தம்பி. பார்த்துக்கிட்டே இருங்க. என் கை எங்க இருக்கு, சொல்லுங்க."

இடது காதுக்கு அருகில் வளையல் சத்தம் கேட்டது. கை தெரியவில்லை. வளையல் முன்னால் வந்தது, இன்னும் முன்னால் வந்தது. மூக்குக்கு எதிரே வந்த பிறகு ஐந்து விரல் தெரிந்தது.

"அந்த சைக்கிள்காரரு குறுக்க வரல. இல்ல?" என்றார்.

"இல்லக்கா."

"எத்தனை நாளா?"

"தெரியல. அப்பாவுக்கு இருந்துச்சு."

தோப்புக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். பதினொரு தலைகளும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வரிசையாகக் கண்முன் வந்தன. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா கையை நீட்டி, "சாவியக் குடுங்க" என்றார். கொடுத்தேன். துணிப்பைக்குள் போட்டு வாயை முடிச்சுப் போட்டார்.

"சாருக்கு நான் பேசவா, நீங்க பேசுறீங்களா?"

"நானே பேசுறேன்."

போன் மூன்று முறை அடித்தது. "சார், எனக்குப் பொழுது சாஞ்சா கண்ணு சரியாத் தெரியல. வண்டி ஜீயபுரத்துல நிக்குது. பிள்ளைங்க எல்லாரும் இறங்கிட்டாங்க. இனிமே நான் ஓட்டக் கூடாது சார்." என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. "காலையில வாங்க" என்றார் சார்.

விளக்குகள் மறுபடி எரிந்தன. பத்து நிமிடம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. மூங்கிலில் இருந்த பொட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தனவா, வெளிச்சத்தில் கரைந்தனவா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நிமிடத்தில் அங்கே எதுவும் இல்லை. நல்ல கண்ணுள்ள அந்த இரண்டு பேருக்கும் இல்லை.

பஸ் நிறுத்தம் அரை கிலோமீட்டர் இருக்கும். ரோட்டோரம் மழைத்தண்ணீர் தேங்கி, பள்ளம் எது மேடு எது என்று தெரியவில்லை. அக்கா துணிப்பையைப் பின்பக்கமாக நீட்டினார்.

"இந்தப் பையோட காதைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. தண்ணியில விழுந்தீங்கன்னா என்னால தூக்க முடியாது."

பிடித்துக்கொண்டு நடந்தேன். பைக்குள் வண்டிச் சாவி சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் பள்ளிக்குப் போய் என் லைசென்ஸை சாரின் மேசையில் வைத்தேன். வேறொரு டிரைவர் அக்காவிடம் சாவியை வாங்கிக்கொண்டு ஜீயபுரத்துக்குப் போய் வேனை எடுத்துவந்தார். மதியம் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள், மகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். மாலை இரண்டாவது டிரிப் அந்த டிரைவர் ஓட்ட வழக்கம்போல் போயிற்று. அக்காவுக்குப் போன் செய்து தோப்பில் விளக்கு எரிந்ததா என்று கேட்டேன். எரிந்தது என்றார்.